எதிரும் புதிருமாக ஓடும் வண்டிகள்: வேகம், தூரம், நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் மாலை நேர டியூசன் நடத்துகிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். வேகக் கணக்கு வந்துவிட்டால் ஆண்டுதோறும் அதே கேள்விகள்தாம். சிலவற்றைப் பிள்ளைகள் கேட்பார்கள், சிலவற்றை அப்பா அம்மா ராத்திரி பத்து மணிக்கு வாட்சாப்பில் அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சார்பு வேகம் என்றால் என்ன, டீச்சர்?

ஈப்போ ஸ்டேஷனில் இ.டி.எஸ். மின்சார ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் நிற்கிறது. திடீரென்று நம் ரயில் புறப்பட்ட மாதிரி இருக்கும். மறுபக்க ஜன்னலில் பார்த்தால் தூண் நின்ற இடத்திலேயே நிற்கும். நகர்ந்தது பக்கத்து ரயில். ஏமாந்துபோன அந்த இரண்டு வினாடியில் கண் பார்த்ததுதான் சார்பு வேகம். ஒன்றில் இருந்துகொண்டு பார்க்கையில் மற்றொன்று எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதே அது.

ஆர்யபட்டர் 499-இல், தம் 23 வயதில் எழுதிய நூலில் இதையே சொல்லியிருக்கிறார். படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதுபோல் தெரிகிறதல்லவா, அப்படித்தான் நிலையாக நிற்கும் விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்கிறார். பூமி சுழல்கிறது என்பதைப் புரியவைக்க அவர் பிடித்த உதாரணம் அது.

நமக்கு இதில் என்ன லாபம் என்றால், இரண்டு வண்டி ஓடும் கணக்கில் ஒரு வண்டியை நிறுத்திவிடலாம். ஏதாவது ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்களைப் பொறுத்தவரை அது நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு வண்டி, ஒரு தூரம், ஒரு வேகம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். தமிழ்ப்பள்ளியிலேயே படித்த கணக்குதான்.

எதிரெதிரே வந்தால் கூட்டணும், ஒரே பக்கம் போனால் கழிக்கணும். அவ்வளவுதானே?

அதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைதான் முதலில் வழுக்கும். விதி சரியானதுதான், பழமையானதும்கூட. ஆர்யபட்டரின் அதே நூலில், எதிரெதிரே வருபவற்றின் இடைவெளியை வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் போகிறவற்றின் இடைவெளியை வேக வித்தியாசத்தாலும் வகுத்தால் அவை சந்திக்கும் நேரம் கிடைக்கும் என்று ஒரு சுலோகமே இருக்கிறது. அவர் கோள்களுக்குச் சொன்னதை நாம் லோரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போடுகிறோம்.

ஆனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இடைவெளி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மாறுகிறது? இரண்டு மோட்டார் ஒரே இடத்திலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பினால், அவை சந்திக்கப் போவதில்லை. ஆனாலும் கூட்டத்தான் வேண்டும், இடைவெளி அந்த வேகத்தில்தான் வளர்கிறது. முன்னால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒன்று, பின்னால் 40-இல் ஒன்று போனால் கழித்ததும் 20 என்று விடை வரும். வந்து என்ன பயன்? பின்னால் போகிறவன் ஒருநாளும் எட்டிப்பிடிக்க மாட்டான். ஒன்று வடக்கே 30-இலும் மற்றொன்று கிழக்கே 40-இலும் போனால் கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து அவற்றுக்கு நடுவே 50 கி.மீ. இருக்கும். பைத்தகோரஸ் அங்கே காத்துக்கொண்டிருப்பார்.

கணக்கு வருது, மொழிதான் குழப்புது. என்ன செய்வது?

இது தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் உண்மையான தலைவலி. மலாய் மொழியில் வேகத்தை லாஜு என்றும், தூரத்தை ஜாராக் என்றும், நேரத்தை மாசா என்றும் இரண்டே வாரத்தில் பழகிவிடுகிறார்கள். இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டான படிவம் 2-இல் அந்தப் பாடத்தின் பெயரே லாஜு டான் பெச்சுத்தான், அதாவது வேகமும் முடுக்கமும். சிக்கல் வினைச்சொற்களில்தான் இருக்கிறது. பெர்தெமு என்றால் சந்தித்தல். பெர்செலிசிஹ் என்றால் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று கடத்தல், ஆக அங்கே கூட்டல். மெமோத்தோங் என்றால் முந்துதல், மெங்கெஜார் என்றால் துரத்துதல், இரண்டுக்கும் கழித்தல். மெமோத்தோங் என்ற சொல்லை வெட்டுதல் என்றே தெரிந்து வைத்திருந்த ஒரு பையன், கார் ஏன் லோரியை வெட்டியது என்று கேட்டான். சிரித்தேன், ஆனால் அவன் அன்றைக்கு அந்தக் கணக்கைத் தொடவே இல்லை.

கேள்வியைப் படித்ததும் ஓரத்தில் இரண்டு அம்புக்குறி வரையுங்கள். எந்த மொழியில் கேட்டிருந்தாலும் அம்புக்குறி ஒன்றுதான்.

கிலோமீட்டரை மீட்டராக்க சுலப வழி உண்டா?

மணிக்கு கி.மீ.-ஐ 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு மீட்டர். 18 கி.மீ. என்றால் 5 மீட்டர், 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. இந்த ஐந்தும் மனத்தில் இருந்தால் போதும்.

இருவரும் வெவ்வேறு நேரத்தில் கிளம்பினால்?

பிந்திக் கிளம்புகிறவர் கிளம்பும் நிமிடம் வரை கடிகாரத்தை ஓடவிட்டு, அங்கே படத்தை நிறுத்துங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 30 கி.மீ. காலை 7:00 மணிக்கு இங்கிருந்து ஒரு லோரி 40-இல் கிளம்புகிறது. 7:15-க்கு ஈப்போவிலிருந்து ஒரு மோட்டார் 60-இல் இந்தப் பக்கம் வருகிறது. முதல் 15 நிமிடத்தில் லோரி 10 கி.மீ. ஓடிவிட்டது. மிச்ச இடைவெளி 20 கி.மீ. இருவரும் சேர்ந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதைத் தின்கிறார்கள். 12 நிமிடம். சந்திப்பு 7:27-க்கு. மோட்டார் அதற்குள் 12 கி.மீ. வந்திருக்கும், லோரி மொத்தம் 18 கி.மீ. போயிருக்கும். 12-ம் 18-ம் 30. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் பேனாவை வைக்காதீர்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

துரத்திப் பிடிக்கும் கணக்கில் விடை சரி, ஆனால் தப்பு என்றீர்களே, எப்படி?

இதை வகுப்பில் நானே கட்டிச் சொன்னேன். ஒரு தோட்டத்துப் பிள்ளை கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டு 6:20-க்குப் பள்ளிப் பேருந்தில் ஏறிவிட்டாள். பேருந்து 36-இல் போகிறது. 6:30-க்கு அப்பா மேசையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரை எடுக்கிறார், 54-இல் போகிறார். பேருந்தை எப்போது பிடிப்பார்?

பேருந்து 6 கி.மீ. முன்னால் இருக்கிறது. வேக வித்தியாசம் 18. ஆறைப் பதினெட்டால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு மணி, அதாவது 20 நிமிடம். 6:50-க்குப் பிடிப்பார், வீட்டிலிருந்து 18 கி.மீ. தூரத்தில். எல்லாரும் இதை எழுதினார்கள், எல்லாருக்கும் சரி போட்டேன். பிறகுதான் சொன்னேன், பள்ளிக்கூடம் 15 கி.மீ.-இலேயே இருக்கிறது என்று.

பேருந்து 25 நிமிடத்தில், 6:45-க்குப் பள்ளி வாசலில் நின்றுவிடும். அப்பா 15 கி.மீ. தூரத்தைக் கடக்க 16 நிமிடம் 40 வினாடி ஆகும். ஆக 6:46:40-க்கு அங்கே இருப்பார். வழியில் பிடிக்கவில்லை, வாசலில் பிடித்தார், மகள் இறங்கி 1 நிமிடம் 40 வினாடி கழித்து. இரண்டு வேகமும் மாறாமல் இருக்கும்வரைதான் சார்பு வேகத்துக்கு மரியாதை. ஒன்று நின்றுவிட்டால் அந்த நொடியிலிருந்து புதுக்கணக்கு.

ரயில் கணக்கில் நீளத்தை எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது?

யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நம் பாதை ஈப்போவுக்கு வடக்கே பாடாங் பெசார் வரை இரட்டைத் தண்டவாளமாகி, 2015-இல் இ.டி.எஸ். ஓடத் தொடங்கியது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றுதான் எதிர்ரயிலுக்கு வழிவிடும். இப்போது இரண்டும் முழு வேகத்தில் உரசுவதுபோல் கடந்து போகின்றன. கணக்கு வாத்தியாருக்குக் கொண்டாட்டம்.

140 மீட்டர் நீளமான பயணிகள் ரயில் 126-இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், வினாடிக்கு 35 மீட்டர். எதிரே 360 மீட்டர் சரக்கு ரயில் 54-இல், வினாடிக்கு 15 மீட்டர். மூக்கும் மூக்கும் தொட்டதிலிருந்து வாலும் வாலும் விலகும் வரை எவ்வளவு நேரம்? சரக்கு ரயிலின் மூக்கில் உட்கார்ந்து பாருங்கள். பயணிகள் ரயிலின் வால், இரண்டு ரயிலின் நீளத்தையும் கடந்தால்தான் விடுதலை. 500 மீட்டர், வினாடிக்கு 50 மீட்டர், 10 வினாடி. ஒரே திசையில் முந்துவதென்றால் அதே 500 மீட்டர், ஆனால் வேக வித்தியாசம் 20, ஆகவே 25 வினாடி.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நீங்கள் சரக்கு ரயிலை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று கேட்டால் விடை வேறு. உங்களுக்கு நீளம் கிடையாது, நீங்கள் ஒரு புள்ளி. 360 வகுத்தல் 50, வெறும் 7.2 வினாடி. அந்தப் பக்கம் சரக்கு ரயில் ஓட்டுநருக்கோ உங்கள் ரயில் 2.8 வினாடியில் மறைந்துவிடும். ஒரே சம்பவத்துக்கு 10, 7.2, 2.8 என்று மூன்று விடை. மூன்றும் சரி.

தூணைக் கடக்க ரயிலின் நீளம் மட்டும் போதும். பிளாட்பாரத்தையோ பாலத்தையோ கடக்க அதன் நீளத்தையும் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆற்றுப் படகுக் கணக்கு ஏன் எல்லாருக்கும் கசக்கிறது?

ஆறும் ஓடுகிறது, படகும் ஓடுகிறது, கரை மட்டும் சும்மா இருக்கிறது. பிள்ளைகள் கரையில் நின்று பார்க்கிறார்கள், அங்கேதான் கசப்பு. தண்ணீரில் இறங்கிப் பாருங்கள்.

கோலகங்சாரில் பேராக் ஆற்றைத் தாண்டி சாயோங் பக்கம் போகும் படகை நினைத்துக்கொள்ளுங்கள். அது நேராக அக்கரைக்குப் போகிற படகு. நம் கணக்குக்காக ஆற்றோடு திருப்பிக்கொள்வோம். அசையாத தண்ணீரில் படகின் வேகம் 12, ஆற்றின் ஓட்டம் 3. ஓட்டத்தோடு போனால் 15, எதிர்த்துப் போனால் 9. இது எல்லாருக்கும் தெரியும். இனி இதைப் பாருங்கள்: படகுக்காரர் ஓட்டத்தை எதிர்த்துப் போய்க்கொண்டிருக்கிறார். தலையிலிருந்த தொப்பி தண்ணீரில் விழுந்தது, கவனிக்கவில்லை. 10 நிமிடம் கழித்துத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, அதே விசையில் படகைத் திருப்புகிறார். தொப்பியை எப்போது எடுப்பார்?

கரையிலிருந்து போட்டால்: 10 நிமிடத்தில் படகு 1.5 கி.மீ. மேலே போயிருக்கும், தொப்பி அரை கி.மீ. கீழே போயிருக்கும், இடைவெளி 2 கி.மீ. இப்போது படகு 15-இல், தொப்பி 3-இல், வித்தியாசம் 12, ஆகவே 10 நிமிடம். தண்ணீரிலிருந்து பார்த்தால் பேனாவே வேண்டாம். தொப்பி தண்ணீரில் நின்ற இடத்தில் நிற்கிறது. படகு அதைவிட்டு 10 நிமிடம் போனது, திரும்பி வர 10 நிமிடம். ஆற்றின் வேகம் எவ்வளவாக இருந்தாலும் விடை இதுதான். இதைக் கேட்டதும் ஒரு பெண் "அப்ப ஆத்தோட வேகத்த எதுக்கு டீச்சர் குடுத்தீங்க?" என்று கோபித்துக்கொண்டாள். தொப்பி கரையோரமாக எவ்வளவு தூரம் போனது என்று கேட்பதற்காக. 20 நிமிடம், மணிக்கு 3 கி.மீ., ஆகவே 1 கி.மீ.

போக 60, வர 40. சராசரி 50 தானே?

இல்லை, 48. 120 கி.மீ. தூரம் என்று வைத்துப் பாருங்கள்: போக 2 மணி, வர 3 மணி, 240 கி.மீ.-க்கு 5 மணி. மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிகிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இங்கே சார்பு வேகத்தை இழுக்க வேண்டாம், ஓடுவது ஒரே வண்டி.

இருவருக்கு நடுவே நாய் ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கை எப்படிப் போடுவது?

தோட்டத்துச் சடக்கில், அதாவது சாலையில், 1 கி.மீ. இடைவெளியில் அக்காவும் தம்பியும் எதிரெதிரே நடக்கிறார்கள், ஆளுக்கு மணிக்கு 5 கி.மீ. அவர்கள் நாய் 12-இல் அக்காவிடமிருந்து தம்பியிடம், தம்பியிடமிருந்து அக்காவிடம் என்று சந்திக்கும் வரை ஓடுகிறது. நாய் மொத்தம் எவ்வளவு தூரம் ஓடியது? ஒவ்வோர் ஓட்டமாகக் கணக்குப் போட்டால் முடிவே இல்லாத தொடர் வரும். அவர்கள் சந்திக்க 6 நிமிடம் ஆகும். நாய் 6 நிமிடம் ஓடியது. 1.2 கி.மீ.

இதே போன்ற கணக்கைக் கணித மேதை ஜான் வான் நாய்மனிடம் ஒருவர் கேட்டாராம். நொடியில் விடை வந்தது. "ஓ, சூட்சுமம் தெரியுமா உங்களுக்கு?" என்றதற்கு, "என்ன சூட்சுமம்? தொடரைக் கூட்டினேன்" என்றாராம். கதைதான், ஆனால் வகுப்பில் நன்றாக எடுபடும்.

கடிகார முள் கணக்கும் இதே சாதியா?

ஆமாம், வட்டத்தில் நடக்கும் துரத்தல். பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை, சின்ன முள் அரைப் பாகை, வித்தியாசம் 5.5. மூன்று மணிக்கு இடைவெளி 90 பாகை, 5.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.4. ஆகவே 3:16-ஐத் தாண்டிச் சற்று நேரத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வரும்.

வரைபடத்தில் சார்பு வேகம் எங்கே இருக்கிறது?

படிவம் 4-இல் தூர நேர வரைபடம் வரும்போது இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் சந்திப்பு. கோட்டின் சரிவு வேகம். ஒரே பக்கம் சாய்ந்த இரண்டு கோட்டின் சரிவு வித்தியாசம்தான் இடைவெளி குறையும் வேகம். விடையைச் சூத்திரத்தில் எடுத்துவிட்டு, படத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் வாழ்க்கையில் எதற்கு உதவும்?

ஒரு அப்பா கேட்டார். அவர் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர். அவருக்குச் சொன்ன பதில் இது.

கூட்டரசு சாலை 1-இல் செம்பனைக் குலை ஏற்றிய லோரி உங்களுக்கு முன்னால் 60-இல் போகிறது, அண்ணே. நீங்கள் 90-இல் முந்துகிறீர்கள். லோரிக்குப் பின்னால் 20 மீட்டர் இருக்கும்போது வெளியே எடுக்கிறீர்கள், லோரி 10 மீட்டர், உங்கள் கார் 4 மீட்டர், முன்னால் 16 மீட்டர் விட்டு உள்ளே வருகிறீர்கள். லோரியில் உட்கார்ந்து பார்த்தால் நீங்கள் கடப்பது 50 மீட்டர். வித்தியாசம் மணிக்கு 30, வினாடிக்கு 8.33 மீட்டர். ஆக 6 வினாடி.

மனசு இந்த 50 மீட்டரைத்தான் பார்க்கிறது. சாலையோ வேறு கணக்கு வைத்திருக்கிறது. அந்த 6 வினாடியில் நீங்கள் தரையில் 150 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 90-இல் வருகிறவரும் 150 மீட்டர் வந்திருப்பார். 300 மீட்டர் காலியாகத் தெரிந்தால்தான் வெளியே எடுக்கலாம், அதுவும் இம்மியும் மிச்சமில்லாமல். இனி லோரி 70-இல் போகிறது, உங்கள் பழைய கார் 80-க்கு மேல் ஏறவில்லை என்று வையுங்கள். வித்தியாசம் 10 மட்டுமே, அதே 50 மீட்டருக்கு 18 வினாடி. நீங்கள் 400 மீட்டர், எதிரே வருகிறவர் 450 மீட்டர், மொத்தம் 850 மீட்டர். வளைவும் மேடும் உள்ள இடத்தில் அத்தனை தூரம் யாருக்குத் தெரியும்?

எதிரே வருகிறவரும் நீங்களும் மணிக்கு 180-இல் நெருங்குகிறீர்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரே மாதிரி இரண்டு கார் 90-இல் நேருக்கு நேர் மோதினால் ஒவ்வொன்றுக்கும் விழும் அடி, அசையாத சுவரில் 180-இல் மோதிய அடி இல்லை, 90-இல் மோதிய அடி. அது ஆறுதல் இல்லை, 90-ஏ போதும்.

ஒளிக்கும் இப்படிக் கூட்டலாமா?

கூடாது. ஒளி வினாடிக்கு 299,792 கி.மீ. ஓடுகிறது; நீங்கள் எவ்வளவு வேகமாக எதிரே போனாலும் அதே வேகத்தில்தான் வந்து சேரும் என்று ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டினார். லோரிக்கும் ரயிலுக்கும் வரும் பிழை எந்தக் கடிகாரத்திலும் தெரியாத அளவு சின்னது. பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கவலை வேண்டாம்.

மோட்டாரில் போகும்போது நிலா கூடவே வருது, மரமெல்லாம் பின்னால் ஓடுது. ஏன்?

இதுதான் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. எல்லாமே உங்கள் வேகத்தில்தான் பின்னோக்கிப் போகின்றன, நிலாவும் விதிவிலக்கில்லை. 5 மீட்டர் தூரத்து மரம் ஒரு வினாடியில் கண்ணைவிட்டுப் போகிறது. 384,400 கி.மீ. தூரத்து நிலாவுக்கு நீங்கள் கோலகங்சார் வரை போனதே தெரியாது. அதனால் கூடவே வருகிறது. செம்பனை வரிசைகள் விசிறிபோல் விரிந்து மூடுவதும் இதனால்தான். பக்கத்து மரம் வேகமாகவும் தூரத்து மரம் மெதுவாகவும் திரும்புகின்றன.

அந்த மரத்தை வைத்தே வேகத்தையும் அளக்கலாம். செம்பனையை முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டு நடுவது வழக்கம். சடக்கோரம் அந்த இடைவெளியில் ஒரே வரிசையாக மரங்கள் நிற்கும் இடத்தில், வினாடிக்கு ஒரு மரம் என்றால் மணிக்கு 32.4 கி.மீ. 20 வினாடிக்கு எண்ணுங்கள். முதல் மரத்தை ஒன்று என்று எண்ணாமல் சுழியம் என்று எண்ணுங்கள், நாம் அளப்பது இடைவெளியைத்தான். வந்த எண்ணை 20-ஆல் வகுத்து 32.4-ஆல் பெருக்குங்கள்.

படிவம் 2 பையன் ஒருவன் அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வந்தான். "31 மரம், டீச்சர். அப்பா 40-லதான் போறேன்னு அம்மாகிட்ட சொல்றாரு." பலகையில் அவனே போட்டான், 50.2 வந்தது. அப்பாவிடம் சொன்னாயா என்றேன்.

"சொன்னேன் டீச்சர். ஹெல்மெட்ல காது கேக்கலயாம்."